குருத்தோலைப் பெட்டியில் இருந்த உறை

“ஜனவரி 21, புதன். அன்புள்ள திருமதி அல்பிரட் அவர்கட்கு, உங்கள் கணவர் இம்மாதம் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை, செபத்தில் அமர்ந்திருந்தவாறே இறைவனடி சேர்ந்தார். அடக்கம் மறுநாள் நடந்தது. அவருடைய இந்த வருடக் கொப்பி எங்களிடம் உண்டு. எங்கள் செப வீட்டு ஒழுங்கின்படி வருடக் கொப்பிகளைத் திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் பழைய குருத்தோலையோடு சேர்த்து எரிப்போம். எரிக்க முன் உங்களுக்கு அறிவிப்பது கடமை என்று எனக்குப் பட்டது. பிலோமினாவுக்கு அப்படிப் படவில்லை. இப்படிக்கு, ரெஜிஸ்.”

இந்தக் கடிதம் பிப்ரவரி 2, திங்கட்கிழமை மதியம் தூத்துக்குடியில் என் கைக்கு வந்தது. கொப்பி என்று அவர்கள் சொல்வது நோட்டுப் புத்தகத்தை. கொழும்பு எங்கள் ஊருக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம். கடிதம் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. என் கணவர் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை.

அவர் போனது பதினைந்து வருடத்துக்கு முன், ஜூன் 14, திங்கட்கிழமை. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்; எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தூத்துக்குடிக்கு வந்து, என்னைக் கட்டி, இருபத்து மூன்று வருடம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய பத்திரங்களில் வில்லங்கம் தேடியவள் நான்.

போகும் அன்று காலை அவர் சொன்னது என் நாட்குறிப்பில் இருக்கிறது. “ஒரேயொரு விசயத்தை நான் தெரிஞ்சுகொள்ள வேணும்.” என்ன விஷயம் என்று கேட்டேன். “அது தெரிஞ்சா நான் ஏன் போறன்?” என்றார். கோபத்தில் அழுகை வராது எனக்கு. “தெரிஞ்சதும் எனக்கு ஒரு கார்டு போடுங்க” என்றேன். “ஓம், போடுறன்” என்றார்.

கார்டு வரவில்லை. கொழும்புக்கு நான் போனது அந்தக் கார்டை வாங்கத்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி. கொட்டாஞ்சேனை செப வீட்டில் பெண்கள் தங்க இடமில்லை என்பதால் வெள்ளவத்தையில் ஒரு மாடி அறை ஏற்பாடாகியிருந்தது. கடற்கரையை ஒட்டி ரயில் போகிறது. ஒவ்வொரு முறையும் அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து வரும். இங்கே கடலுக்குள் போகிறது. அதற்குமேல் அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரி யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவே அவரை ரீச்சர் என்கிறது. இடியப்பமும், தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிய சொதியும், கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பலும் வைத்தார். எங்கள் பக்கத்துச் சாம்பார் இல்லாத குறை தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். அதன் பிறகு அவர் என் கதையைக் கேட்டார்.

“அப்ப உங்கட மனிசன் செபம் எண்டு போனவரோ?”

“ஆமா.”

“என்ர மனிசன் கனடா எண்டு போனவர். பத்தொன்பது வருசம். ரெண்டும் ஒண்டுதான். உங்கட ஆளுக்கு விசாச் செலவு மிச்சம்.”

சிரித்துவிட்டேன். சென்னையில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டாள். “அம்மா, அந்த நோட்டுல என்ன இருந்தாலும் எனக்குச் சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டாம்” என்றாள். தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை உண்டு. அவள் அப்பாவைக் கொண்டும் பிறக்கவில்லை, என்னைக் கொண்டும் பிறக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி. காலி வீதி என்ற பெரிய சாலையில் பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு மாற வேண்டும். நடத்துநர் ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் ஒரே சொல்லாகக் கூவுகிறார். அதில் கொட்டாஞ்சேனை இருந்ததாக எனக்குக் கேட்டது. அரை மணி கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் கப்பல் கொள்கலன்கள் அடுக்கிய மதில்கள், லாரிகள், டீசல் நாற்றம். பக்கத்து இருக்கைக்காரர் நடத்துநரிடம் சிங்களத்தில், “இந்த அம்மாவைக் கடலில் ஏற்றி இந்தியாவுக்கே அனுப்பப் போகிறாயா?” என்று கேட்டதைப் பின்னால் இருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவளும் சிரித்தாள். ஒருகொடவத்தை என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

அங்கே கிடைத்த த்ரீவீல்காரர் மாளிகாவத்தை முஸ்லிம். ஆட்டோவை இங்கே த்ரீவீல் என்கிறார்கள்.

“கொட்டாஞ்சேனைல யார் வூடு ஆன்ட்டி?”

“ஒரு இறந்த வீடு.”

“இன்னாலில்லாஹி. எப்ப மவுத்தானாங்க?”

“போன மாசம் ஒம்பதாம் தேதி.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அப்ப மெதுவாப் போலாம்” என்றார். பிறகு தனக்கே வெட்கமாகி, அடுத்த வாரம் நோன்பு தொடங்குவதைப் பற்றியும், பேரீச்சம்பழம் விற்கிற விலையில் நோன்பு திறப்பது எப்படி என்பதைப் பற்றியும் விடாமல் பேசினார். இறங்கும்போது சல்லி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்த ஊரில் காரணமில்லாமல் எனக்கு நல்லது செய்தவர் அவர் ஒருவர்தான்.

செப வீடு என்பது ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்பாதி. முன்பாதியில் தையல் கடை. நான்கு அறை, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். ரெஜிஸ் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், எழுபத்து நான்கு வயது, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பிலோமினா அறுபதை நெருங்குகிறவர். அதே சந்தில் வீடு, காலையும் மாலையும் வந்து சமைத்து, கூட உட்கார்ந்து செபித்துவிட்டுப் போவார். அல்பிரட் இருந்தவரை அவர்கள் மூன்று பேர். துறவிகள் அல்ல, எந்தச் சபையும் அல்ல. யாரும் அனுமதி கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

“தங்கச்சி, உங்களைப் பற்றி அவர் ஒண்டும் சொன்னேல்லை” என்றார் ரெஜிஸ், ஏதோ நல்ல சேதி போல. “எங்கட ஒழுங்கு அப்படி. ஆரும் ஆரையும் கேக்கிறேல்லை. விலாசம் அவர்ட பாஸ்போட்டுக்குள்ள எழுதியிருந்தது.”

சுவரில் கையால் எழுதிய ஏழு விதிகள் ஒட்டியிருந்தன. மூன்றாவது இது: “மற்றவர் கடவுளோடு இருக்கும் நிலையைப் பற்றிக் கேளாதே. அவர் உண்பதும் உறங்குவதும் மெலிவதும் அந்த நிலையைச் சேர்ந்தவையே.” அல்பிரட்டின் எழுத்து. எங்கள் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அதே எழுத்து.

பிலோமினா கொப்பியைக் கொடுக்கவில்லை, மேசையில் வைத்துவிட்டு விலகி நின்றார். “அவர் விருப்பம் எரிக்கிறதுதான் அக்கா. நீங்க வாசிச்சா அது எங்க மேல பாவம்.”

“என் மேல எழுதிக்கிடுங்க” என்றேன்.

மார்ச் 5, போன வருடத்துத் திருநீற்றுப் புதனிலிருந்து தொடங்கும் கொப்பி. தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், அதன் கீழ் ஒரு வரி. நாள் தவறாமல் தேதியிட்டு எழுதும் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். பால் கணக்கைக்கூட மனதில் வைத்திருந்தவர் அவர். அவருடைய வரிகள் இப்படி இருந்தன: “மழை. கவனம் சிதறியது.” “தையல் மெசின் சத்தம். எரிச்சல்.” “கேள்வி குறைகிறது. ஆசை குறையவில்லை.” “அறிய வேண்டும் என்ற ஆசையே திரை என்று தோன்றுகிறது. அந்தத் திரையை யார் விலக்குவது?” ஜூன் 14 அன்று: “பதினைந்து வருடம்.” அவ்வளவுதான். அது பெருமையா, பச்சாதாபமா, வெறும் கணக்கா என்று அந்த இரண்டு சொல்லும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி. “காலை 4.30 – 5.30. இன்று அறிந்துகொண்டேன். இனி எழுதத் தேவையில்லை.”

அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள். மார்ச் 5 முதல் அந்த நாள் வரை 192 பதிவுகள், ஒரு நாளும் விடுபடவில்லை. அதன் பின் ஜனவரி 9 வரை உயிரோடு இருந்தார், ஒரு சொல் இல்லை.

ரெஜிஸ் கண் கலங்க நின்றார். “அண்டைக்குத்தான் அவருக்குக் கிடைச்சது. அதுக்குப் பிறகு அவர் கதைச்சதே குறைவு. நாலு மணித்தியாலம், அஞ்சு மணித்தியாலம் இருப்பார். எழும்பமாட்டார்.”

இந்த வகைச் செபத்தைப் பற்றி நான் வாசிக்காதவள் அல்ல. அவர் விட்டுப்போன இரண்டு பெட்டிப் புத்தகங்களையும், அவற்றை வெல்ல நானாக வாங்கிய ஒரு பெட்டியையும் வாசித்திருக்கிறேன். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் சொல்கின்றன: மனிதனுக்கு அறியும் ஆசை பிறவியிலேயே உண்டு, கடவுளின் வாசல் வரை அது கூட்டிப் போகும், உள்ளே அறிவு போக முடியாது, அன்புதான் போகும். போகட்டும். அவருடைய அன்பு எங்கே போனது என்பது பதினைந்து வருடமாக எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக்கு.

செப்டெம்பர் 12ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. வெள்ளவத்தையில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் சீட்டு. மாதிரி எடுத்தது செப்டெம்பர் 10. அறிக்கை 12ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மேல். “வழங்கப்பட்டது” என்று 12ஆம் தேதி முத்திரை.

சீட்டை ரெஜிஸிடம் காட்டினேன். பார்த்தார். “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு. அன்று சிவராத்திரி. ரீச்சர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எனக்காக மட்டும் கடையில் பணிஸ் என்கிற மீன் வைத்த பன் இரண்டு வாங்கி வைத்திருந்தார். திருப்பலிக்குக் கொட்டாஞ்சேனை போனேன். வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவள் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் விலை சொல்லி மறுபடி தமிழில் ஆசீர்வதித்தாள். பூசை முடிந்து கல்லறைக்குப் பிலோமினா கூட்டிப்போனார். சிலுவை இன்னும் வைக்கவில்லை. மண்மேடு, எண் எழுதிய ஒரு மரக் குச்சி. எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அப்பக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். நடுவில் முட்டை உடைத்து ஊற்றிய அப்பம். பிலோமினா வெறும் பிளேன்டீ மட்டும். அவராகவே பேசினார்.

“ஒக்டோபர்லயே சாப்பாடு குறைஞ்சிட்டுது அக்கா. சோறு வச்சா அப்படியே கிடக்கும். நான் நினைச்சன் ஒறுத்தல் எண்டு.”

“நோன்புன்னு நெனச்சீங்க.”

“ஓம். பிறகு பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுத் தரச் சொன்னார். ரெண்டு ஓட்டை. கண் மஞ்சளாகிட்டுது. ரெஜிஸ் ஐயா சொன்னார், அது உள்வெளிச்சம் எண்டு.”

கையிலிருந்த அப்பத்தைத் தட்டில் வைத்தேன்.

“நாலு மணி நேரம் எந்திரிக்காம இருந்தாரே, அது?”

பிலோமினா கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஒருநாள் நான் கூட்டும்போது பாத்தனான். எழும்பப் பாக்கிறார். ஏலாது. பிறகு திரும்பி இருந்து கண்ணை மூடிட்டார். நான் பேசாமப் போயிட்டன். மூண்டாம் விதி.”

நோயைத் தவம் என்று எண்ணியிருக்கிறார்கள். மெலிவைத் தூய்மை என்றும், மஞ்சள் காமாலையை ஒளி என்றும், எழ முடியாமையைப் பரவசம் என்றும். இந்தத் தவறைச் சாதாரண மனிதர் யாரும் செய்திருக்க முடியாது. மீன் விற்கிறவள் ஒருத்தி அந்த வாசலில் நின்றிருந்தால், “ஐயாவுக்கு என்ன, இப்படி மஞ்சளாக் கிடக்கு?” என்று முதல் நாளே கேட்டிருப்பாள். கேள்வியை விட்டவர்கள் கடவுளைக் கண்டார்களோ என்னவோ, பக்கத்தில் இருந்தவரைக் காணவில்லை.

இதைப் பிலோமினாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. “நீங்க சொல்லுறது சரி. பதினைஞ்சு வருசம் நீங்களும் ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம் அக்கா” என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 16, திங்கள். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவர் செப்டெம்பர் 12 அன்று எதை அறிந்தார்? காலை ஐந்தரைக்குச் செபத்தில் கிடைத்ததா, மாலை வந்த அறிக்கையில் படித்ததா? முதலாவது என்றால், அவர் தேடிப் போனது கிடைத்துவிட்டது. எனக்குக் கார்டு போடவில்லை. இரண்டாவது என்றால், கிடைத்தது சாவுச் சேதி மட்டும். அதையும் எனக்குச் சொல்லவில்லை. நேரத்தை எழுதியவர் வரியை எப்போது எழுதினார் என்று எழுதவில்லை. அறிக்கையை அவர் படித்தாரா என்று தெரிந்தால் போதும்.

பரிசோதனை நிலையத்தின் முகப்பில் இருந்த பெண், பேஷன்ட் வராமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். “பேஷன்ட் வரமாட்டார்” என்று மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், என் கடவுச்சீட்டு, மூன்றுக்கும் நகல்களை வரிசையாக வைத்தேன். முப்பத்தொரு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் இந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று அறிந்துதான் போயிருந்தேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டுப் பதிவேட்டோடு வந்தாள்.

“ரிப்போட் பன்னெண்டாம் திகதி நாலு நாப்பதுக்குக் குடுத்திருக்கு அம்மா. கவருக்கு மேல சிவப்பால ‘உடனே வைத்தியரிடம் காட்டவும்’ எண்டு எழுதித்தான் குடுப்பம் இப்படியான கேஸுக்கு.” குரலைத் தாழ்த்தினாள். “ஆனா வாங்கினது அவர் இல்லைப் போல.”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். வாங்கியவர் கையெழுத்து. ‘ர’வுக்குக் கீழே ஒரு நீண்ட வால். அதே வாலை ஜனவரி 21ஆம் தேதிக் கடிதத்தின் அடியில் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை முழுவதும் வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்து கொப்பியின் 192 பதிவுகளையும் என் நோட்டில் எழுதி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமையே பாதி எழுதியிருந்தேன்; செவ்வாயன்று எரிக்கக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துத்தான் கொப்பியை வாங்கி வந்திருந்தேன். கடைசியில் ‘உண்மை நகல்’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ரீச்சர் எட்டிப்பார்த்து, “உதை எரிக்கத்தானே போகினம், பிறகேன் மினக்கெடுறீங்கள்?” என்றார். எரிப்பதால்தான் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய். கிணற்றடியில் ஒரு தகர வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பழைய இரும்புச் சட்டி. பக்கத்தில் ஒரு மரப் பெட்டி நிறையக் காய்ந்த குருத்தோலை. போன வருடக் குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கி வீடெல்லாம் செருகி வைத்தவை; இவற்றின் சாம்பல்தான் மறுநாள் நெற்றியில் பூச. ரெஜிஸ் ஓலைகளை ஒடித்துக்கொண்டிருந்தார்.

“அறிக்கையை வாங்கினது நீங்க.”

கை நின்றது. “ஓம்.”

“மேல சிவப்புல எழுதியிருந்தது.”

“கண்டனான்.”

“என்ன செஞ்சீங்க?”

“சீட்டையும் கவரையும் அவர்ட மேசையில வச்சனான். அவர்தான் சீட்டைத் தந்து, வெள்ளவத்தைப் பக்கம் போனா எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டவர். என்ன, ஏன் எண்டு நான் கேக்கேல்லை.”

“அவர் பிரிச்சாரா?”

“தங்கச்சி, நான்…” சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். “பதினைஞ்சு வருசமாக் கேக்காமல் இருந்து பழகினனான். மகள் செத்தபோது கடவுளை ஏன் எண்டு கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பாத்தது. அல்பிரட் வந்துதான் கேக்காமல் இருக்கப் பழக்கினார். அவரைப் போய் நான் எப்படிக் கேக்கிறது?”

அவர் மகளைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. நானும் கேட்டிருக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டு மேலே கேட்டேன். “அந்தக் கவர் இப்ப எங்க?”

பதில் பிலோமினாவிடமிருந்து வந்தது. அல்பிரட்டின் மேசையில் இருந்த காகிதங்களை அடக்கத்துக்கு அடுத்த நாள் வாரி, பார்க்காமல், ஓலைப் பெட்டியின் அடியில் போட்டாராம். எல்லாம் ஒன்றாக எரியட்டும் என்று.

பெட்டியைக் கவிழ்த்தேன். ரெஜிஸ் தடுக்கவில்லை. ஓலைத் தூசு, ஒரு பழைய கிறிஸ்துமஸ் அட்டை, தண்ணீர் பில், இரண்டு வெற்று உறைகள். அடியில் நீள உறை ஒன்று, சிவப்பு மை ஊறிப் பரவியிருந்தது. வாய்மடிப்பு திறந்து கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் முத்திரையிட்ட உயில்களை உறையோடு வைத்துக் காப்பது வழக்கம். எழுதியவர் இறந்த பிறகு உறையைப் பிரிக்கும் முன், அது இடையில் யாராலும் திறக்கப்பட்டதா என்று பார்த்து எழுத வேண்டியவள் நான்தான். விரலால் கிழித்தது, கத்தியால் வெட்டியது, ஆவி காட்டிப் பிரித்தது, திரும்ப ஒட்டியது எல்லாம் தெரியும். என் குறிப்பை எந்த வழக்கறிஞரும் ஒருமுறைகூடத் தவறு என்று நிறுவியதில்லை. கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கிழிசல் இல்லை. நார் எழும்பவில்லை. பசை முழுக்கக் கரைந்து கோடு கோடாக ஓடியிருந்தது. உள்ளே இருந்த தாள் மூன்றாக மடித்தபடி. மடிப்பு ஈரத்தில் நெகிழ்ந்து, ஒரு தடவை மடித்ததா பல தடவை மடித்ததா என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. பெட்டியிலிருந்த இரண்டு வெற்று உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டேன். சத்தமில்லாமல் தானாகவே திறந்துகொண்டது.

“இந்த ஊர்ல கவர் நிக்காது அக்கா” என்றார் பிலோமினா. “மாரி மழை ஈரத்தில எல்லாம் கழண்டுபோகும்.”

அறிக்கையைப் படித்தேன். கணையப் புற்று. இரண்டாவது பத்தி தெளிவாக இருந்தது.

ரெஜிஸ் பக்கத்தில் வந்து நின்றார். “அவர் கண்டவர் தங்கச்சி. காலமைச் செபத்திலயே கண்டிட்டார். கவரைத் திறக்கவே இல்லை. நான் நம்புறன்.”

“நம்புங்க. உங்களுக்கு அது போதும்.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

“அவர் என்கிட்ட ஒரு கார்டு கடன்பட்டிருக்கார்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

கொப்பியைச் சட்டியில் நானே வைத்தேன். மூலம் அவருடையது, அவர் விருப்பப்படி போகட்டும். ஓலை முதலில் பிடித்தது. கொப்பி நனைந்த தாள்போல் வெகுநேரம் புகைந்து, பிறகு நடுவிலிருந்து எரிந்தது. செப்டெம்பர் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அடையாளம் தெரியவில்லை. ரெஜிஸ் உறைக்காகக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. அது செபம் அல்ல, ஆவணம்.

“நாளைக்கு வந்து சாம்பல் பூசிக்கொண்டு போங்கோ” என்றார்.

“எனக்கு வேண்டாம்.”

பிலோமினா சாம்பலைச் சல்லடையில் சலித்து ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடினார். கைக்குள் அடங்கும் போத்தல், அதிலும் பாதிதான்.

பிப்ரவரி 18, புதன். காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு மனிதர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். கொட்டாஞ்சேனையில் இரண்டு நெற்றிகளில் என் கணவரின் 192 நாளும் இருக்கும். மாலை முகம் கழுவும்போது போய்விடும். ரீச்சர் கட்டிக்கொடுத்த இடியப்பம் மடியில் சூடாக இருந்தது. ஆறும் முன் சாப்பிட்டுவிட்டேன்.

ஊர் வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் உள்ள தேதிகளைக் கடிதம், சீட்டு, பதிவேடு, மரணச் சான்றிதழ், என் நாட்குறிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறேன். உறை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இங்கே அவ்வளவு ஈரம் இல்லை. வாய்மடிப்பு காய்ந்து விறைத்துவிட்டது. செப்டெம்பர் 12-க்கும் ஜனவரி 9-க்கும் இடையில் அதை என் கணவர் திறந்தாரா, கொழும்பின் மாரி திறந்ததா என்பது இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை.